கேலி வேறு, குற்றம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் யாராவது ஒருவர் பலரால் தாக்கப்படும்போது, 'நெட்டிசன்கள் வறுத்தெடுத்தனர்' என்ற தலைப்பை நாளிதழ்களிலும் அவற்றின் இணையப் பக்கங்களிலும் அடிக்கடி காண்கிறேன். அந்த ஒரே சொல்லுக்குள் நையாண்டியும் அடங்கிவிடுகிறது, சிறைக்கு அனுப்பத்தக்க குற்றமும் அடங்கிவிடுகிறது. அது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகே உணர்ந்தேன்.

பவானியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண், குழித்தறியில் கையால் நெய்த ஜமக்காளத்தை விசைத்தறிச் சரக்கிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று விளக்கி ஒரு சிறு காணொளி வெளியிட்டாள். புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பெயரில் வேறு சரக்கு விற்கப்படுகிறது என்றும் அதில் சொன்னாள். முதல் நாள் சில வியாபாரிகள், அவள் சொன்ன விலைக் கணக்கு தவறு என்றும், தறியைத் தவிர வேறொன்றும் தெரியாதவள் சந்தையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் கடுமையாக எழுதினார்கள். அது விமர்சனம். அடுத்த நாள் அவளுடைய 'பாருங்க, இதானுங்க' என்ற பேச்சை வெட்டி ஒட்டி மீம்ஸ் போட்டார்கள். அதைப் பார்த்து அவளே சிரித்தாள். மூன்றாம் நாள், அவளுடைய அப்பாவின் பில் புத்தகத்தில் இருந்த கைப்பேசி எண்ணை யாரோ அருவருப்பான ஒரு வரியுடன் பரப்பினார்கள். நள்ளிரவு முதல் விடியும்வரை அழைப்புகள் வந்தன. வேண்டாம் என்று அவள் எழுதிய பிறகும் புதிய புதிய போலிக் கணக்குகளிலிருந்து செய்திகள் தொடர்ந்தன. கடைசியில் அவள் முகத்தை வேறோர் உடலோடு பொருத்திய படம், அவளைப் பெண் பார்க்க வரவிருந்த வீட்டாரின் வாட்ஸ்அப்புக்கே போய்ச் சேர்ந்தது.

கேலிக்கும் குற்றத்துக்கும் இடையிலான கோட்டைச் சொல்லின் காரத்தை வைத்து வரையக் கூடாது என்பதே என் கருத்து. முதல் நாள் வந்த சொற்களில் காரம் மிகுதி, ஆனால் அவை அவள் சொன்ன கருத்தோடு மோதின. மூன்றாம் நாள் வந்த செய்திகள் சிலவற்றில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. 'உன் வீடு எந்தத் தெருவில் என்று தெரியும்' என்பது மட்டுமே இருந்தது. கருத்தை விட்டுவிட்டு ஆளைக் குறிவைத்து, நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தாமல், அச்சத்தாலோ அவமானத்தாலோ ஒருவரை வாய்மூடச் செய்யும் இடத்தில் கேலி முடிந்துவிடுகிறது.

அந்தக் கோட்டை அதிகம் நகர்த்தி, வெறும் விமர்சனத்தையும் குற்றமாக்கிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு. 2012-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணையும் அதற்கு 'லைக்' போட்ட தோழியையும் காவல் துறை கைது செய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எரிச்சலூட்டுவதையும் வசதிக்குறைவு ஏற்படுத்துவதையும்கூடக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது சரியான முடிவு. ஆயினும் அந்தப் பிரிவு போய்விட்டதால் இணையத்தில் என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்று பலர் நம்புவது முற்றிலும் தவறு.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் ஓர் ஆண் அவளை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வதையும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. 351-வது பிரிவின்படி மிரட்டுவது குற்றம். பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால், அதற்காகவே மேலும் 2 ஆண்டு வரை தண்டனை கூடுகிறது. ஆபாசப் படத்தை வெளியிடுவதை மட்டுமல்ல, அடுத்தவருக்கு அனுப்புவதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு தண்டிக்கிறது. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று சொல்பவர்கள், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் கூறியதை அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை, காவல் நிலைய வாசலில்தான் அது நின்றுவிடுகிறது. என் மாணவியோடு நானும் போயிருந்தேன். "ஏம்மா, இந்த வீடியோ எல்லாம் எதுக்குப் போடறீங்க? ஐடியை மூடிட்டுப் போய்ப் பொழப்பைப் பாருங்க" என்றார்கள். பிறகு, இது சைபர் கிரைம் வேலை, ஈரோட்டுக்குப் போங்கள் என்றார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்பது உண்மையே. ஆனால் புகாரை வாங்கவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், தகவல் கிடைத்த காவல் நிலையம் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. நாங்கள் இப்படி அலைந்துகொண்டிருந்த நாட்களில் அந்தப் போலிக் கணக்குகள் அழிக்கப்பட்டுவிட்டன. பக்கத்தின் முகவரியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே ஒருவரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை.

இத்தகைய தாமதத்தின் விலை நம் பகுதிக்குத் தெரியாததன்று. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில், திரிக்கப்பட்ட தன் படம் முகநூலில் வெளியானதால் மனமுடைந்த ஓர் இளம்பெண்ணை நாம் இழந்தோம். குடும்பத்தார் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். பின்னர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகும் 'கணக்கை மூடிவிடு' என்பதையே நாம் அறிவுரையாக வைத்திருக்கிறோம். திருடன் வந்த வீட்டுக்காரரை வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

என் மாணவியின் புகாருக்கு மனு ரசீது கிடைக்கவே பதினேழு நாட்கள் ஆயின. அவள் எண்ணை மாற்றிக்கொண்டாள். காணொளி எதையும் அதன்பின் வெளியிடவில்லை. அவள் சொன்ன விலைக் கணக்கு சரியா தவறா என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் விடை காணவில்லை. தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது, மிரட்டலை மிரட்டல் என்றும், பின்தொடர்தலைப் பின்தொடர்தல் என்றும் தலைப்பிடுங்கள், அந்தப் படத்தை மங்கலாக்கிக்கூட மறுபடி வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பவானி, ஈரோடு மாவட்டம்.