மண்டபம் கடைக்கு வந்த அண்ணனுக்கு நன்றி

நேற்று காலை கலாம் படத்தை லேமினேஷன் போடக் கொண்டுவந்த அண்ணே, உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர்களுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி செத்து நாலு கம்ப்யூட்டரும் நெட் இல்லாமல் நிற்க, பரணில் கிடந்த பழைய எட்டு போர்ட் சுவிட்சை இறக்கச் சொன்னது நீங்கள்தான். செத்ததன் அடாப்டரையே நான் சொருகப்போக, கையைப் பிடித்தீர்கள்: "தம்பி, இது 12 வோல்ட். அது 5 வோல்ட் சுவிட்சு." உப்புக்காற்றில் பச்சை பூத்த கேபிள் முனையை வெட்டி, புது பிளக்கை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் பண்ணினீர்கள். (கிரிம்பிங் டூலோடு யாரண்ணே ஊர் சுற்றுவார்கள்?) அவசரத்தில் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் சுவிட்சிலேயே நான் குத்த, விளக்கெல்லாம் பேய் பிடித்த மாதிரி மின்னியது. சிரித்துக்கொண்டே பிடுங்கினீர்கள்.

காசு வாங்கவில்லை. பாம்பன் பஸ்ஸைப் பார்த்ததும் ஓடிவிட்டீர்கள். படம் இங்கேதான் இருக்கிறது, லேமினேஷனும் போட்டாச்சு.