நடன ஆசிரியருக்கு யார் கற்பிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடனம் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளும் விமர்சனங்களும் பெரும்பாலும் மேடையோடு நின்றுவிடுகின்றன. அந்த மேடைக்கு ஒரு மாணவரை அனுப்புமுன் பல ஆண்டுகள் அவரோடு வகுப்பில் நிற்கிற ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார், கற்பிக்க அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. நெடுங்காலமாக நடனம் கற்பித்து வருபவள் என்ற முறையில் அது குறித்துச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

நமக்குக் கற்பிக்கப்பட்ட விதத்திலேயே நம்மில் பெரும்பாலோர் கற்பிக்கிறோம். ஆசிரியர் ஆடிக் காட்டுவார். மாணவர் பார்த்து ஆடுவார். பிழையை ஆசிரியர் திருத்துவார். இம்முறை எத்தனையோ நல்ல கலைஞர்களை உருவாக்கியிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆசிரியர்களுக்கென்றே நடத்தப்படும் பயிலரங்குகளிலும் இதுவேதான் நடக்கிறது. இரண்டு நாளில் மேடையில் ஆடுவதற்கான ஒரு புதிய உருப்படியை, அதாவது ஒரு முழு நடனத்தை, கற்றுக்கொண்டு சான்றிதழோடு திரும்புகிறோம். கைவசம் உருப்படி ஒன்று கூடியிருக்கும். கற்பிக்கும் விதம் போனபடியே திரும்பி வந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு ஒன்றைக் கைபேசியில் முழுமையாகப் பதிவு செய்து பார்த்தேன். மாணவர்கள் ஆடிய நேரத்தைவிட நான் பேசிய நேரமே அதிகம். கடைசி வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி என்னைப் பார்க்கவே இல்லை. முன்னால் நின்றவளின் குதிகாலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அடியையும் சற்றே பிந்தி வைத்துக்கொண்டிருந்தாள். தாளம் பிடிபடாத பெண் என்று அதுவரை அவளை நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அடுத்த வாரம் நான் ஆடிக் காட்டாமல் தாளத்தை மட்டும் தட்டி, அதே அடவை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவை, அவரவர் சுவரைப் பார்த்து நின்று ஆடச் சொன்னபோது அவள் பாதம் தாளத்தில் பிசகாமல் விழுந்தது. கைகள் தவறாகத்தான் இருந்தன. அது வேறு விஷயம். அந்தப் பதிவைப் பார்த்திருக்காவிட்டால் அவளைப் பற்றிய என் தீர்ப்பு மாறியிருக்காது.

ஆடிக் காட்டாமல் கற்பிப்பது புதுமையும் அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-இல் நடனத்துக்கான பட்டப்படிப்பைத் தொடங்கிய மார்கரெட் ஹடப்ளர் உயிரியல் படித்தவர். மேடைக் கலைஞர் அல்லர். மனித எலும்புக்கூடு ஒன்றை வகுப்பில் வைத்து மூட்டுகள் இயங்கும் விதத்தை விளக்கி, மாணவர்கள் தரையில் படுத்துத் தம் உடலசைவைத் தாமே அறியும்படி செய்தார். ஏறத்தாழ நூறாண்டு பழைமையான இந்த அணுகுமுறையை இன்றும் 'நவீனம்' என்று அழைத்து ஒதுக்கி வைக்கிறோம்.

உடலியக்கக் கற்றலை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தவையும் வகுப்புக்கு நேரடியாக உதவக்கூடியவை. கப்ரியேல வுல்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் நடத்திய சோதனையில், தம் பாதத்தில் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்துக்கு அடியிலிருந்த சக்கரங்களில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். இதைப் படித்தபின் "முழங்காலை நிமிர்த்து" என்பதை விட்டுவிட்டு "தரையைத் தள்ளு" என்று சொல்லிப் பார்த்தேன். நின்ற நிலையே மாறியது.

அதற்கும் முன்பே, 1979-இல், ஷேயும் மார்கனும் செய்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மூன்று கையசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது முந்திக்கொண்டார்கள்; மூன்றையும் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும், 10 நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே சிறப்பாகச் செய்தார்கள். ஒரே அடவை ஐம்பது முறை ஆடவைத்து, வகுப்பு முடியும்போது எல்லோரும் சீராக ஆடுவதைக் கண்டு மகிழ்கிற நாம், அடுத்த வாரம் அது காணாமற்போனதும் மாணவரைக் கடிந்துகொள்கிறோம். பயிலரங்கின் இறுதி நாளில் நமக்கு உண்டாகும் நிறைவும் ஏறக்குறைய இதே வகைதான்.

இந்த அறிவு இல்லாததால் உடலுக்கும் கேடு நேர்கிறது. காலை வெளிப்புறம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியை எல்லோரிடமும் ஒரே அளவு எதிர்பார்த்தால், இடுப்பில் கிடைக்காத திருப்பத்தை மாணவர் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கிப் பெற முயல்வார். வேகமாக உயரம் கூடும் வயதில் எலும்பின் வளர்ச்சிக்குத் தசைகள் உடனே ஈடுகொடுப்பதில்லை; வளைவுத்தன்மையும் சமநிலையும் தற்காலிகமாகக் குறையும். அப்பருவத்து மாணவரைச் சோம்பேறி என்று ஏசிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பதென்றால் கண்டிப்பைக் கைவிடுவது என்று மூத்தவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. விடையைச் சொல்லிவிடுவது எளிது. மாணவர் தானே கண்டுபிடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க ஆசிரியருக்குத்தான் கூடுதல் ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

ஆகவே பயிலரங்கு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். கலந்துகொள்ளும் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பின் பதிவு ஒன்றைக் கொண்டுவரட்டும். பாதி நேரமாவது அதை ஒருவருக்கொருவர் பார்த்துப் பேசுவதற்கு ஒதுக்கப்படட்டும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய கருத்துரைக்கும் முறையில், படைத்தவர் இசைந்தால் மட்டுமே பார்ப்பவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். சக ஆசிரியரின் வகுப்பைப் பற்றிப் பேசவும் அது பொருந்தும். அப்படியொரு பாதுகாப்பு இருந்தால் கூச்சமின்றிப் பதிவைக் காட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து மாற்றிப் பார்த்த வகுப்பின் பதிவோடு எல்லோரும் மீண்டும் கூட வேண்டும். சான்றிதழ் அந்த இரண்டாவது சந்திப்புக்குப் பின் வழங்கப்பட்டால் போதும்.

தங்கள் நாளிதழும் மேடை விமர்சனத்துக்கு ஒதுக்கும் இடத்தில் எப்போதாவது ஒரு நடன வகுப்பைப் பற்றி எழுதினால் மகிழ்வேன். பார்க்க வருகிறவர் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் உட்காருவது நல்லது.

இப்படிக்கு,
நடன ஆசிரியை ஒருவர்