தேதி இல்லாத வேளாண் காணொளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற பருவத்தில் மக்காச்சோளக் குருத்தில் புழு விழுந்தது. கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்து மருந்து அடித்தேன், கேட்கவில்லை. அப்புறம் ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், தலையில் தலைகீழ் 'ஒய்' கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். படைப்புழு! 2016-ல் ஆப்பிரிக்காவில் தெரியவந்து, இரண்டே ஆண்டில் ஆசியாவுக்கும் பரவியது. காணொளியில் காட்டியதோ தண்டுத்துளைப்பான். எடுத்த தேதி, பயிரின் வயது, மருந்துக் கம்பெனி காசு கொடுத்ததா என்பது, எதுவுமே அதில் இல்லை.

வலைப்பதிவு எழுதும் விவசாயிகளைக் குறை சொல்லவில்லை. நஷ்டப்பட்ட கதையையும் மறைக்காமல் எழுதுபவர்கள் அவர்கள்தான். உங்கள் வேளாண் பக்கம் சுருங்கிக்கொண்டே வருவதுதான் வருத்தம். வயலில் இறங்கிப் பார்த்து எழுதும் நிருபரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்