படிவம் பி நிரப்பும் முன் கவனிக்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். 2006 வன உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறவர்கள் பலர் தனிநபர் நிலத்துக்கான படிவம் ஏ-யோடு நின்றுவிடுகிறார்கள். கிழங்கு, தேன், கீரை, மீன் எடுக்கும் சமூக உரிமை படிவம் பி-யில்தான் வரும். காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி.

"சிறு வன மகசூல்" (கிழங்கு, தேன் போன்ற மரமல்லாத காட்டுப் பொருள்) என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். பிறகு எந்தக் கிழங்கு, எந்தச் சரிவு என்ற வாக்குவாதம் வரும். நூரை, கவலை என்று கிழங்கின் பெயர், இடம், தோண்டும் மாதம் எல்லாம் எழுதுங்கள். கிழங்கைத் தோண்டியபின் கொடியின் தலைப்பகுதியைக் குழியிலேயே வைத்து மண் மூடுகிறோம், தேனடையில் புழு உள்ள பகுதியை விட்டுவிடுகிறோம் என்பதையும் சேருங்கள். காட்டை அழிக்கிறோம் என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. இந்த விவரம் பெரும்பாலும் பெண்களிடம்தான் இருக்கிறது. அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுத வேண்டும்.

மனு மீது தீர்மானம் போடும் கிராம சபைக்கு அதன் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 2012 திருத்த விதி இது. குறைந்தால் தீர்மானம் நிற்காது. சான்று ஒன்று போதாது. மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி இணையுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். கிராம சபைத் தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள், அந்தத் தீர்மானங்களைப் பரிசீலிக்கும் அடுத்த நிலையான உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம்.