கிணற்றின் சொந்தக்காரருக்கு அவரது கிணற்றின் கணக்கைக் கொடுங்கள்

நிலத்தடி நீரை அளந்து, அந்த அளவீடுகளைத் தம்மிடம் வைத்திருக்கும் அரச நிறுவனங்களின் தலைவர்களுக்கும், துறைசார் அமைச்சின் செயலாளருக்கும்,

மதிப்புக்குரியோரே,

நிலத்தடி நீர் மாசடைவதை அளப்பதையே தொழிலாகக் கொண்டு முப்பத்திரண்டு ஆண்டுகளைக் கழித்து, ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் வசித்துவரும் நீரியலாளன் ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல், கற்பிட்டி மணல், மேல் மாகாணத்துக் கபுக் கல் (செம்பூரான்கல்) என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று நிலங்களில் வேலை செய்திருக்கிறேன். நாங்கள் மாதிரி எடுத்த கிணறுகளின் சொந்தக்காரர்களில் மிகச் சிலருக்கே முடிவு போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் மூன்று இடங்களிலும் ஒன்றாகவே இருந்தது.

மாதிரி எடுக்கப் போகும் வீட்டில் முதலில் தேநீர் வரும். பிறகு கிணற்றடிக்கு வந்து நின்று, "ஐயா, இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்று கேட்பார்கள். "கொழும்புக்கு அனுப்பிப் பார்த்துத்தான் சொல்லலாம் அம்மா" என்பது எங்கள் வழக்கமான பதில். போத்தல்களை ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி, இரவு பஸ்ஸில் ஏற்றுவோம்; நடத்துநர் மூக்கைச் சுளித்து, "மீனோ ஐயா?" என்று கேட்பார். மறுநாள் ஆய்வுகூடத்தில் போத்தல் இலக்கமாக மாறும், இலக்கம் அட்டவணைக்குள் போகும், அட்டவணை கோப்புக்குள் போகும், கோப்பு லாச்சிக்குள் போகும். அந்த அம்மாவுக்குச் சொன்ன "பார்த்துத்தான் சொல்லலாம்" அத்துடன் முடிந்துவிடும்.

இதில் எனது பங்கை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. வலிகாமத்தின் செம்மண் பகுதியில் ஒரு வீட்டுக் கிணற்றில், உரத்தாலும் மலக்குழிகளாலும் நீரில் சேரும் நைத்திரேற்றை அளந்தபோது, முடிவு லீற்றருக்கு 14 மில்லிகிராம் என்று வந்தது. ஆய்வுகூடம் அதை, நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் எடையாக மட்டும் கணக்கிட்டுத் தந்திருந்தது. அட்டவணையைத் தட்டச்சு செய்த நான், தலைப்பில் "நைத்திரேற்று" என்று மட்டும் போட்டுவிட்டேன். நைதரசனாகச் சொல்லப்படும் இலக்கத்தை 4.43 ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்றின் அளவு கிடைக்கும். அதாவது அந்தக் கிணற்றில் லீற்றருக்கு ஏறத்தாழ 62 மில்லிகிராம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 50. எனது மேலதிகாரி 14ஐ 50உடன் ஒப்பிட்டுச் சரி அடையாளம் இட்டார், அந்த வீட்டுக்கு "தண்ணீர் நல்லது" என்று வாய்மொழியாகச் சொல்லியனுப்பப்பட்டது. அங்கே பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை இருந்தது. அளவுக்கு மிஞ்சிய நைத்திரேற்று சிசுவின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம்பாரிக்கச் செய்யக்கூடியது.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு வரைபடம் கீறும்போதுதான் பிழை கண்ணில் பட்டது. திருத்திய தாளையும் பழைய தாளையும் அனுமதி கேட்காமலே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். தாய் ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் கவனமாகக் கொதிக்கவைத்தே கொடுத்திருந்தார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு நான் எவ்விதத்திலும் காரணமல்ல. பக்கத்து வீட்டில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பழைய தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "இது நைத்திரேற்றாகவோ, நைதரசனாகவோ?" என்பதுதான். ஐந்து மாதங்களுக்கு முன்பே அந்தத் தாள் வேலி தாண்டிப் போயிருந்தால், பிழை அன்றே பிடிபட்டிருக்கும்.

மாவட்டச் சராசரிகள் ஆண்டறிக்கைகளில் வருகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத யாழ் குடாநாட்டில், மாரி மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் போகும். இரண்டு பரப்புக் காணிக்குள் குழியும் கிணறும் அருகருகே இருக்கும் வீட்டின் நீரையும், அடுத்த ஒழுங்கை வீட்டின் நீரையும் கூட்டி இரண்டால் வகுப்பதில் எவருக்கும் பயனில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. போர்க்காலத்தில் குடாநாட்டுக்கு யூரியா கொண்டுபோவது தடைசெய்யப்பட்டிருந்தது. விவசாயிக்கு அது கொடுமை. ஆனால் அந்த வருடங்களில் எவராவது கிணறுகளை அளந்திருந்து, அந்த ஏடுகள் எங்காவது கிடந்தால், நைத்திரேற்றில் உரத்தின் பங்கு எவ்வளவு, குழிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய அவற்றை விடச் சிறந்த சான்று கிடைக்காது. கறையான் அரிப்பதற்கு முன் அலுமாரிகளைத் திறந்து பாருங்கள்.

முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று எனது சேவைக்காலத்தில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியாவில் சுத்தமான நீர் கேட்டு வீதிக்கு இறங்கியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு மூவர் உயிரிழந்தனர். நீரின் அமிலத்தன்மையே அங்கு பிரச்சினையாக இருந்தது; அருகிலிருந்த தொழிற்சாலையே அதற்குக் காரணம் என்று ஊரவர் குற்றஞ்சாட்டினர். மேல் மாகாணத்துக் கபுக் கல்லில் நிலத்தடி நீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. ஆகவே இன்றைய அளவு இயற்கையாக வந்ததா, தொழிற்சாலையால் வந்ததா என்பதை, முந்திய வருடங்களின் அளவுகளைப் பக்கத்தில் வைக்காமல் நேர்மையாகச் சொல்ல முடியாது. அப்படியான அளவுகள் ஊரவரின் கையில் இருந்திருந்தால், பேச்சு வேறிடத்தில் தொடங்கியிருக்கும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோதும் மக்கள் பவுசருக்காகக் காத்துநின்றபடி, ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விடயத்தில் உயர் நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தக் கட்டளையிட வேண்டியதாயிற்று.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்டுப் பெறலாம் என்பது உண்மைதான். ஆனால் தன் வீட்டு முற்றத்தில் அள்ளப்பட்ட நீரின் கணக்கை அறிய ஒருவர் விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பதே எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். மாதிரி எடுத்த ஒவ்வொரு கிணற்றுக்கும், முடிவு வந்து முப்பது நாட்களுக்குள், வீட்டுக்காரரின் மொழியில் ஒரு தாள் போக வேண்டும். அளந்த திகதி, கிணற்றின் ஆழம், அதற்கு முன் பெய்த மழை, ஆய்வுகூடத்தின் பெயர், அலகு ஆகியவை அதில் இருக்க வேண்டும். நைத்திரேற்றா நைதரசனா என்பது விளங்கும்படி எழுதப்பட வேண்டும். குடும்பங்களின் பெயரை நீக்கிவிட்டு அதே அளவீடுகளை எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடுங்கள். குழாய்க்கிணறு தோண்டிய கொழும்பின் மாடிக்கட்டடங்களையும் இதில் விட்டுவிட வேண்டாம். எனது கட்டடத்திலேயே மேல்தாங்கிக்குள் என்ன ஏறுகிறது என்று குடியிருப்பாளர் எவருக்கும் தெரியாது.

எனது களக் குறிப்பேடுகள் நாற்பத்தொன்று வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு கிணற்றுக்கும் அளந்த திகதியும் மின்கடத்துதிறனும் நீர்மட்டமும் அவற்றில் உண்டு. 14 என்று எழுதிய பக்கமும் திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது. அனைத்தையும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். உங்களில் யாரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதையும், அவை எப்போது வெளியிடப்படும் என்பதையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீரியலாளன் ஒருவன்
வெள்ளவத்தை, கொழும்பு 6