2022 இல் என் வெங்காயத்துக்குத் தண்ணீர் தந்தவர்களுக்கு

யாழ்ப்பாணம் நீர்வேலி ஊராருக்கும், மண்ணெண்ணெய் வரிசையில் என்னோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமை சந்திக்கடையில் என் பெயரில் இருந்த கடைசிக் கணக்கையும் கட்டி முடித்தேன். கடைக்கார அண்ணை கொப்பியில் கோடு கீறிவிட்டு, "சரி தம்பி, இனிப் புதுப் பக்கம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2022 சித்திரையில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. ஆனி பிறந்தபோது என் ஆறு பரப்பு வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாளைக்கு ஒருதரம் இறைக்க வேண்டும், இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. இரவிரவாகக் கானோடு காத்திருந்தால் விடியும்போது "முடிந்தது" என்று மட்டை தொங்கும். தாள் நுனி கருகுவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் இருந்து அழுதிருக்கிறேன்.

பங்குக் கிணற்றின் மற்றப் பங்காளி அண்ணை, உங்களுக்குத்தான் முதல் நன்றி. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நேரத்துக்கு நடுச்சாமத்திலும் எழும்பி, உங்கள் மோட்டரால் என் தறைக்கும் இறைத்தீர்கள். கரண்ட் காசில் பங்கு தர வந்தேன், வாங்கவில்லை. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோதும் நான் தோட்டத்தை விடாததற்கு நீங்கள்தான் காரணம்.

வரிசையில் பெயர் எழுதி, வயதானவர்களின் கானை முன்னுக்கு வைத்துவிட்ட பெடியள், உரம் கிடைக்காத காலத்தில் வண்டிலோடு மாட்டெரு அனுப்பிய மாமி, அரிசியும் பால்மாவும் அனுப்பிய தமிழ்நாட்டு மக்கள், எல்லோருக்கும் நன்றி. கடைக்கார அண்ணை, கொழும்புச் சரக்குக்கு நீங்கள் கைக்காசு கட்ட வேண்டியிருந்தது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் பருப்பை நிறுத்துத் தந்துவிட்டுக் கொப்பியில் எழுதினீர்கள்.

அப்புறம் என் அம்மா. தோட்டத்தை விற்கத் தரகரிடம் பேசிவிட்டு வந்த இரவு, ஜாம் போத்தல் விளக்கில் நான் படித்த, சண்டை நடந்த தொண்ணூறுகளை நினைவூட்டினா. "அப்ப பொருளாதாரத் தடை, பாதையும் இல்லை. இப்ப பாதை திறந்துதானே கிடக்கு" என்றா. அடுத்த நாள் தரகரை வர வேண்டாம் என்றேன்.

2022 புரட்டாதியில் 70 வீதத்தை எட்டிய பணவீக்கம் அடுத்த ஆடியில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அதற்காகப் பொருட்களின் விலை பழையபடி இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. சம்பளத்தில் சீவிப்பவர்கள் இன்னும் திணறுகிறார்கள். இந்த நாட்டோடு எங்களுக்கு வேறு கணக்குகளும் தீராமல் கிடக்கின்றன. இருந்தாலும் இங்கே என் பிள்ளைகளுக்கு ஒரு வாழ்வு உண்டு என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை எந்த மேடைப் பேச்சிலும் வரவில்லை, நீங்கள் தந்தது. மூத்தவள் கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் சேர்ந்திருக்கிறாள்.

இம்முறை வெங்காயம் கிண்டியதும் உங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி வரும். மறுக்காமல் வாங்குங்கள்.

அன்புடன்,
நீர்வேலித் தோட்டக்காரன்