முதல்ல போட்டது நியூயார்க் டைம்ஸ் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சினிமா பக்கத்துல 'தி போஸ்ட்' படத்த பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, ஆர்வமா உக்காந்து படிச்சேன், ஆனா வியட்நாம் போர பத்தி அமெரிக்க அரசாங்கம் ரகசியமா வச்சிருந்த பென்டகன் ஆவணங்கள முதல்ல வெளியிட்டது வாஷிங்டன் போஸ்ட்னு அதுல இருந்தத பாத்ததும் மனசு கேக்கல. முதல்ல போட்டது நியூயார்க் டைம்ஸ் சார். 1971 ஜூன் 13, ஞாயித்துக்கெழம பேப்பர், நீல் ஷீஹன்ங்கிற நிருபர் எழுதினது. மூணு நாள் தொடர்ந்து வந்துச்சு, 15ஆம் தேதி நிக்சன் அரசாங்கம் கோர்ட்டுக்கு போய் தடை வாங்கிருச்சு. 18ஆம் தேதிதான் போஸ்ட்ல வருது.

தேதிக்காக மல்லுக்கட்டுறேன்னு நெனச்சிராதீங்க. படத்தோட உயிரே அந்த அஞ்சு நாள்லதான் இருக்கு. டைம்ஸோட துணிச்சல நான் கொறச்சு சொல்லல, அவங்க வக்கீல் கம்பெனியே போடாதீங்கன்னு சொல்லியும் போட்டாங்க, 1972 புலிட்சர் பரிசு அவங்களுக்குத்தான் போச்சு, அதுல நியாயம் இருக்கு. ஆனா முன்னாடி போனவங்கள கோர்ட்டு நிறுத்தி வச்சிருக்கறத கண்ணால பாத்துட்டு, அதே ஆவணத்த எடுத்து நம்ம பேப்பர்ல அச்சுக்கு அனுப்புறதுக்கு வேற மாதிரி நெஞ்சழுத்தம் வேணும். போஸ்ட்தான் முதல்னு எழுதிட்டா அந்த பேப்பர் முதலாளியம்மா கேத்தரின் கிரஹாம் எதுக்கு அப்படி தவிச்சாங்கன்னே படிக்கிறவங்களுக்கு புரியாம போயிரும்.

அந்த அம்மா நெலமைய நெனச்சு பாருங்க. பேப்பர் அவங்க அப்பா 1933ல ஏலத்துல எடுத்தது, அவர் பொறுப்ப ஒப்படைச்சது பொண்ணுகிட்ட இல்ல, மருமகன்கிட்ட. 1963ல கணவர் தற்கொலை பண்ணிக்கிட்டப்புறம்தான் இவங்க கைக்கு வருது. டைம்ஸுக்கு தடை வந்த அதே வாரம்தான் கம்பெனி பங்குகள முதல்தடவையா மார்க்கெட்டுக்கு கொண்டு வர்றாங்க, கேஸ்னு ஒண்ணு வந்தா பங்கு வாங்குறவங்க பின்வாங்கலாம், டிவி ஸ்டேஷன் லைசென்ஸும் கையவிட்டு போகலாம். ஜூன் 17 ராத்திரி, வீட்ல விருந்து நடந்துட்டு இருக்கு, ஃபோன்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவங்க ரொம்ப நம்பின கம்பெனி சேர்மன் ஃப்ரிட்ஸ் பீபி, நானா இருந்தா போடமாட்டேன்னுதான் சொன்னார், ஆனா அவர் அத அழுத்தி சொல்லாத விதத்துலதான் முடிவெடுக்க தனக்கு எடம் கெடச்சுதுன்னு அவங்களே பின்னாடி எழுதியிருக்காங்க. கேத்தரினா நடிச்ச மெரில் ஸ்ட்ரீப் அந்த இடத்துல ரிசீவர காதுல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க, மொகத்துல பயம் அப்படியே இருக்கு, பயம் போகாமலே "போடலாம்"னு வாய்ல வருது. நான் அந்த சீன மூணு தடவ பாத்தேன்.

நான் பிரஸ்ல கம்போசிட்டரா இருந்து ஓய்வு பெற்றவன். கையால எழுத்து அடுக்கினவன், தலைகீழா படிச்சு பழகினவன். அதனால லைனோ மெஷின்ல உருகின ஈயம் ஒரு வரியா வந்து விழுறத அத்தன கிட்டத்துல காட்டினப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு. அப்புறம் கீழ ரோட்டரி மெஷின் ஓட ஆரம்பிச்சதும் மேல போஸ்ட் ஆசிரியர் குழுவுல இருந்த பென் பாக்டிகியனோட டேபிள் அதிருது, அவர் ஒண்ணும் பேசல, அப்படியே உக்காந்திருக்கார். கட்டுரையில படம் மெதுவா போகுது, எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, மெஷின் எந்த நேரத்துல நின்னுருமோன்னு பயந்து வேல பாத்தவங்களுக்கு அந்த அதிர்வு ஒண்ணே போதும் சார்.

படத்து மேல எனக்கும் ஒரு வருத்தம் இருக்கு. ஆவணங்கள வெளிய கொண்டு வந்த டேனியல் எல்ஸ்பெர்க்க ஆரம்பத்துலயும் நடுவுல கொஞ்சமும் காட்டிட்டு விட்டுட்டாங்க. பாதுகாப்பு மந்திரி மெக்னமாரா 1967ல எழுத சொன்ன ரிப்போர்ட்தான் அந்த ஆவணங்கள், 47 தொகுதி, 7,000 பக்கம், ஜனாதிபதி ட்ரூமன் காலத்துலருந்து ஜான்சன் காலம் வரைக்கும் வியட்நாம் விஷயத்துல ஜனங்ககிட்ட ஒண்ணு சொல்லிக்கிட்டு உள்ளுக்குள்ள வேற ஒண்ணு தெரிஞ்சு வச்சிருந்த கதை. அத எழுதினவங்கள்ல எல்ஸ்பெர்க்கும் ஒருத்தர். 1969ல ராத்திரி ராத்திரியா ஜெராக்ஸ் எடுத்தார், 13 வயசு மகன் கூட நின்னு ஒதவினான், சின்ன பொண்ணு 'அதிரகசியம்'ங்கிற முத்திரைய கத்திரியால வெட்டினா. 115 வருஷம் வரைக்கும் ஜெயில் கெடைக்கற மாதிரி கேஸ் போட்டாங்க அவர் மேல. 1973ல அரசாங்கம் பண்ணின தில்லுமுல்லு வெளிய வந்துதான் கேஸ் தள்ளுபடியாச்சு. இந்த கேஸுக்கு படத்துல எடமே இல்ல, கடைசியா நிக்சனோட வாட்டர்கேட் ஊழல் பக்கம் போயிட்டாங்க.

பேப்பர்கள் ஆவணங்கள போடலாம்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஜூன் 30 தீர்ப்பு, 6க்கு 3, அத நீங்க சரியா எழுதியிருந்தீங்க. பத்திரிகை வேல செய்ய வேண்டியது ஆளப்படுறவங்களுக்கு, ஆளுறவங்களுக்கு இல்லன்னு நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினத ஃபோன்ல கேட்டு கேட்டு போஸ்ட்ல வேல பாத்த மெக் கிரீன்ஃபீல்ட் ஆபீஸ்ல எல்லாருக்கும் சத்தமா சொல்றாங்களே, அந்த தீர்ப்பு பேரே 'நியூயார்க் டைம்ஸ் எதிர் அமெரிக்கா'ன்னுதான் சார் இருக்கு. அதனாலதான் கேக்குறேன், அடுத்த வாரம் அதே பக்கத்துல ஒரு சின்ன திருத்தம் போடுங்க: ஜூன் 13 நியூயார்க் டைம்ஸ், ஜூன் 18 வாஷிங்டன் போஸ்ட்.

இப்படிக்கு,
உங்க பல வருஷத்து வாசகன்